முதுகில் ஏறும் எடை

ஹெல்வி கிரீக், நெப்ராஸ்கா
செப்டம்பர் கடைசி ஞாயிறு

அன்புள்ள ஆர்டிஸுக்கு,

உன் அண்ணி மாவிஸ் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். யூமா பாலைவனத்தில் வெயில் இப்போதாவது தணிந்ததா? ஹார்லனுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கோடை முழுவதும் அந்த அனலில் டிரெய்லர் முகாமைக் கட்டிக் காத்துக்கொண்டு, குளிருக்குப் பயந்து வருஷா வருஷம் எங்கள் சக்கர வீட்டை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்துகிற இடத்தை இந்தக் குளிர்காலத்துக்கும் யாருக்கும் விடாமல் வைத்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி.

போனை எடுத்துப் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போன் சமையலறையில் இருக்கிறது. சமையலறையில் உன் அண்ணன் இருக்கிறார். உன் குரல் கேட்டாலே பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். அவர் கேட்கக் கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதனால்தான்.

முதலில் சந்தோஷமான சேதி. நாங்கள் பெரிய மனிதர்கள் ஆகிவிட்டோம். போன மாதம் நான் பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்த நேரத்தில், உன் அண்ணன் நம் பழைய டிரெய்லரைக் கொடுத்துவிட்டுப் புது ஃபிஃப்த் வீல் டிரெய்லர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். வாசலை மறைத்துக்கொண்டு ஒரு வீடே நிற்கிறது. பக்கச் சுவர்கள் மூன்று இடத்தில் பொத்தானை அமுக்கினால் வெளியே நகர்ந்து அறையை அகலமாக்குகின்றன. சமையல் மேடை நடுவில் தனியாக இருக்கிறது. இதெல்லாம் போகட்டும், சுவரில் மின்சாரக் கணப்பு அடுப்பு ஒன்று வேறு! பாலைவனத்துக்குக் குளிர் காயப் போகிறவர்களுக்குக் கணப்பு அடுப்பு எதற்கு என்று வாய்வரைக்கும் வந்தது. வாயில் பஞ்சு இருந்ததால் பிழைத்தார்.

ஆனால் அவர் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கட்டிலைத்தான் முதலில் காட்டினார். பழைய டிரெய்லரில் கட்டில் மூலை என் இடுப்பில் இடிக்காத குளிர்காலமே கிடையாது. ஒவ்வொரு வருஷமும் நீல நிறத்தில் ஒரு தழும்போடுதான் நான் ஊர் திரும்புவேன். இதில் கட்டிலைச் சுற்றி ஒரு ஆள் தாராளமாக நடக்கலாம். இரண்டு பக்கமும் நடந்து காட்டிவிட்டு, "உனக்காகத்தான் வாங்கினேன், மாவிஸ்" என்றார். நான் அழுதுவிட்டேன். பல் வலி என்று சொல்லிக்கொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டிரெய்லர்தான் புதிது, அதை இழுக்கப்போகிற பிக்கப் டிரக் அதே பழையதுதான். சும்மா சீண்டுவதற்காக, "இவ்வளவு பெரிய வீட்டை நம்ம டிரக் தாங்குமா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, கை வேலையை எல்லாம் கீழே வைத்துவிட்டு, அந்தப் பிரசங்கத்துக்குத் தயாராக உட்கார்ந்தேன். உனக்கே தெரியும் அது. வருஷம் தவறாமல் முகாமில் புதிதாக வந்து மாட்டுகிற ஆளை எல்லாம் பிடித்து வைத்துச் சொல்வாரே. இழுக்கிறது வேற, தாங்குறது வேற. எவ்வளவு இழுக்கும்னு விளம்பரத்துல கொட்டை எழுத்துல போடுவான். எவ்வளவு தாங்கும்னு டிரைவர் பக்கக் கதவைத் திறந்து பார்த்தாத்தான் மஞ்சள் சீட்டுல தெரியும். ஃபிஃப்த் வீல்ங்கிறது தன் மூக்கைக் கொண்டுவந்து டிரக் முதுகுல வைக்கிற ஜாதி. அதோட மொத்த எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல உன் முதுகுல ஏறும். அந்த முதுகுல ஏற்கெனவே நீயும் உன் பொண்டாட்டியும் உன் கருவிப் பெட்டியும் உட்கார்ந்திருக்கீங்க, மறந்துடாதே. இதை நான் தூக்கத்தில்கூட ஒப்பிப்பேன்.

பிரசங்கம் வரவில்லை ஆர்டிஸ். "டிரக் பதினேழாயிரம் பவுண்டு இழுக்கும். இது பதினோராயிரத்துச் சொச்சம்தான். தாராளமாப் போதும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாயை மாட்டப் போய்விட்டார். விற்கிற பையன் சொல்கிற கணக்கு அது. பதினேழாயிரம் என்பது விளம்பரத்தில் இருக்கிற எண். பதினோராயிரம் என்பது ஒரு தட்டுமுட்டுச் சாமான்கூட ஏற்றாமல் தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போது இருக்கிற எடை.

முப்பது வருஷம் எங்கள் மாவட்டத்தின் மண் சாலைகளைச் சமப்படுத்திய மனிதர். சின்னச் சின்னப் பாலத்துக்கெல்லாம் எவ்வளவு எடை தாங்கும் என்று பலகை நட்டவர். உன் புருஷன் ஹார்லன் கல் பொறுக்குகிற பைத்தியத்தில் இரண்டு பெட்டி நிறையக் கல்லை டிரக்கில் ஏற்றியபோது, அத்தனை பேர் முன்னாலும் இறக்க வைத்தவர். அவர் மஞ்சள் சீட்டைப் பார்க்காமல் டிரெய்லர் வாங்கியிருக்கிறார்.

நான் போய்ப் பார்த்தேன். அவர் குளிக்கும்போது டிரக் கதவைத் திறந்து பார்த்தேன். இரண்டாயிரத்து முந்நூறு பவுண்டு, அவ்வளவுதான் தாங்கும். என் வாழ்க்கையில் பள்ளிக்கூடச் சமையலுக்கு மேல் பெரிய கணக்கு நான் போட்டதில்லை. இருந்தாலும் முந்நூறு பிள்ளைகளுக்கு மாவு அளந்தவளுக்கு இதுகூட வராதா? சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றினால் டிரெய்லரின் மூக்கு மட்டுமே அதைத் தாண்டிவிடுகிறது. நாங்கள் ஏறி உட்காருவதற்கு முன்பே.

எனக்குப் பயமாக இருக்கிறது. டிரெய்லரைப் பற்றி இல்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நீ அவரோடு கூடப் பிறந்தவள், போன குளிர்காலம் முழுவதும் பக்கத்தில் இருந்தவள். ஏதாவது கவனித்தாயா? நான் சமையலையும் தையலையும் பார்த்துக்கொண்டு எதையாவது பார்க்காமல் விட்டேனா? ஒளிக்காமல் எழுது. உறையின் மேல் என் பெயரை மட்டும் போடு.

ஹார்லனுக்கு என் அன்பு.

உன் அண்ணி,
மாவிஸ்


ஹெல்வி கிரீக்
அக்டோபர், சோள அறுவடை நடக்கிறது

அன்புள்ள ஆர்டிஸ்,

உன் கடிதம் வந்தது. தபாலாபீஸ் வாசலிலேயே காரில் உட்கார்ந்து படித்தேன்.

உள்ளதைச் சொல்கிறேன், இதை அப்போதே என்னிடம் சொல்லவில்லையே என்று முதலில் உன் மேல் எரிச்சல் வந்தது. போன குளிர்காலத்தில் ஒரு நாள் துணி துவைக்கும் அறையிலிருந்து வந்த உன் அண்ணன், அடுத்த வரிசையில் யாருடைய டிரெய்லர் கதவிலோ நம் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டு நின்றிருக்கிறார். உன் புருஷன் பார்த்து, பேஸ்பால் பேசிக்கொண்டே வீடுவரைக்கும் கொண்டுவந்து விட்டிருக்கிறார். நான் அன்று, "என்னங்க இவ்வளவு நேரம், இரண்டு பேரும் எங்கே ஊர் சுற்றினீங்க?" என்று இருவரையும் வைதேன். நீயும் ஹார்லனும் சிரித்துக்கொண்டு நின்றீர்கள். உன் கடிதத்தோடு வீட்டுக்கு வந்து சினமன் ரோல் ரொட்டிக்கு மாவு பிசைந்தேன். அந்த மாவு பட்ட அடியைப் பார்த்திருந்தால் நீ யூமாவிலிருந்தே மன்னிப்புக் கேட்டிருப்பாய். பிசைந்து முடித்ததும் கோபம் போய்விட்டது. நீ சொல்லியிருந்தால் மட்டும் நான் நம்பியிருப்பேனா? உன்னைத்தான் திட்டியிருப்பேன்.

இனி இங்கே நடந்ததைக் கேள்.

ஒவ்வொரு வருஷமும் கிளம்புவதற்கு முன் அவர் வண்டியை ஊர்த் தானியக் கிடங்குக்குக் கொண்டுபோய் எடைமேடையில் நிறுத்துவார் இல்லையா? இந்த வருஷம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானாகக் கேட்டேன். எதற்கு, கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது என்றார். வற்புறுத்தினால் பிடிவாதம் வரும். அதனால் நான் வேறு வழி பார்த்தேன். சாமான் முழுவதையும் பயணத்துக்கு ஏற்றுவது போல ஏற்றிப் பார்த்துவிடலாம், அலமாரி போதுமா என்று தெரிய வேண்டும் என்றேன். இரும்புச் சட்டி, தையல் மெஷின், பாட்டில் பாட்டிலாகப் போட்டு வைத்த தக்காளி, அவருடைய கருவிகள் எல்லாம் ஏறின. தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பச் சொன்னேன். பிறகு, எடைமேடையில் வேலை பார்க்கிற கோனிக்கு ரோல் கொடுக்க வேண்டும், அப்படியே புது வீட்டை ஊருக்குக் காட்டிவிட்டு வரலாம் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. தொப்பியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அறுவடைக் காலத்தில் தானியக் கிடங்கு எப்படி இருக்கும் என்று உனக்கா சொல்ல வேண்டும்? எடை போடவும் ஈரம் பார்க்கவும் சோள லாரிகள் சாலைவரைக்கும் வரிசை. அதற்கு நடுவில் கணப்பு அடுப்பும் ஜன்னல் திரையுமாக எங்கள் வீடு. லாரிக்காரர்கள் சும்மா விடுவார்களா? ஒருவன் இறங்கி வந்து, "என்ன வெர்லின், இந்த வருஷம் சோளத்தைச் சோபாவுல உட்கார வச்சுக் கொண்டாந்துட்டியா? ஈரப்பதம் பார்க்கணுமா?" என்றான். உன் அண்ணனும் விடவில்லை. "ஈரப்பதம் முன் சீட்டுல இருக்கு. பல் பிடுங்கினதுலேர்ந்து அழுதுக்கிட்டே இருக்கா" என்று என்னைக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நிமிஷம் அவர் பழைய வெர்லினாகவே இருந்தார், எனக்கு நான் செய்கிற காரியம் துரோகம் மாதிரிப் பட்டது.

மேடையில் டிரக் மட்டும் நிற்கும்படி, டிரெய்லரின் சக்கரங்கள் வெளியே இருக்கும்படி நிறுத்தச் சொன்னேன். அது அவர் சொல்லிக் கொடுத்ததுதான். அப்படி நிறுத்தினால் டிரக்கின் எடையும் அதன் முதுகில் ஏறியிருக்கிற மூக்கின் எடையும் சேர்ந்து தெரியும். கோனி எப்போதும் எடையை ஒலிபெருக்கியில் கத்துவாள். வரிசையில் கடைசி லாரிக்குக்கூடக் கேட்கும். அன்று சத்தமே வரவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் எழுந்து நின்றாள். பிறகு சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கி வந்து, உன் அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, ரோலுக்கு எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் நன்றாக இருக்க வேண்டும்.

எல்லாம் சேர்ந்து பத்தாயிரத்தைத் தாண்டக் கூடாத டிரக் அது. சீட்டில் பதினோராயிரத்து இருநூறு இருந்தது.

வரிசை நகர வேண்டும் என்பதால் வண்டியை எடுத்து உரக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஓரமாக நிறுத்தினார். சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு கதவைத் திறந்து மஞ்சள் சீட்டைப் பார்த்தார். மறுபடியும் கையில் இருந்ததைப் பார்த்தார். நான் உளறினேன். விளம்பரத்தில் அவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தால் யாராக இருந்தாலும் ஏமாறத்தான் செய்வார்கள், அந்த விற்கிற பையன் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று என்னென்னவோ சொன்னேன்.

"யாரா இருந்தாலும் ஏமாறலாம், மாவிஸ். நான் ஏமாற மாட்டேன்" என்றார்.

சீட்டை மடித்துக்கொண்டே அவர் தொடர்ந்தார். "எனக்கு உள்ளே ஏதோ சரியில்ல. கொஞ்ச நாளாவே தெரியும். எண்ணுங்க கண்ணுக்குத் தெரியுது, ஆனா எதுக்கு எதுன்னு ஒட்ட மாட்டேங்குது. உன்னைப் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டு ஃப்ளாக்ஸ்டாஃப் மலை இறக்கத்துல இதோட இறங்கியிருப்பேன்."

யூமாவுக்கு வருகிற வழியில் அந்த இறக்கத்தில் பிரேக் புகைந்து ஓரத்தில் நிற்கிற வண்டிகளை எத்தனை வருஷம் பார்த்திருக்கிறோம். ஒவ்வொன்றையும் பார்த்து, மஞ்சள் சீட்டைப் பார்க்காதவன் என்று தலையை ஆட்டிக்கொண்டு போவார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது. எங்களைக் கடந்து போன லாரிக்காரன் ஒருவன் கை அசைத்தான், உன் அண்ணன் பதிலுக்கு ஒரு விரலைத் தூக்கினார், எப்போதும் போல.

டாக்டரிடம் போனோம். மூளையைப் படம் எடுத்தார்கள், கேள்வி கேட்டார்கள், கடிகாரம் வரையச் சொன்னார்கள். மறதி நோயின் ஆரம்பம்தான் என்கிறார் டாக்டர். மெதுவாகத்தான் முற்றலாம், மாத்திரை இருக்கிறது என்கிறார். ஆனால் டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஓட்டுவது இனிமேல் கூடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உன் அண்ணன் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும், டிரெய்லரையும் டிரக்கையும் விற்றுவிடலாம், இந்தக் குளிர்காலம் இங்கேயே இருந்துவிடலாம், ஆர்டிஸிடம் இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல் என்றார்.

தயவுசெய்து கொடுத்துவிடாதே. என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் இங்கே ஆறு மாதம் பனியைப் பார்த்துக்கொண்டு ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்தால் அவர் சீக்கிரமே முழுவதும் எங்கேயோ போய்விடுவார் என்று தோன்றுகிறது. அங்கே அவருக்கு நடக்க இடம் இருக்கிறது, பேச ஆள் இருக்கிறது, நீ இருக்கிறாய். அடுத்த வருஷம் எப்படி இருப்பாரோ, யார் கண்டது? இந்த ஒரு குளிர்காலமாவது அவர் அவராக இருக்கும்போதே அங்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அவரிடம் போனில் பேசும்போது எதுவும் தெரிந்தது போலக் காட்டிக்கொள்ளாதே. அவரே உன்னிடம் சொல்வார். சொல்லும்போது அழாதே. முடிந்தால் திட்டு, அது அவருக்குத் தெம்பாக இருக்கும்.

மாவிஸ்


ஹெல்வி கிரீக்
நவம்பர், நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்கு முந்தின வாரம்

அன்புள்ள ஆர்டிஸ்,

அவர் உன்னிடம் சொன்ன அன்று நீ திட்டிய திட்டு சமையலறை தாண்டி எனக்கும் கேட்டது. மருந்து மாத்திரையை விட நன்றாக வேலை செய்தது. போனை வைத்துவிட்டு, "அவ சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்" என்று சிரித்துக்கொண்டே வெளியே போனார்.

நாங்கள் வருகிறோம். எப்படி என்று சொல்கிறேன்.

சில நாள் அவர் தொப்பியைத் தொடவே இல்லை. அந்தப் பெரிய டிரெய்லர் வாசலில் நின்றுகொண்டு எங்கள் வீட்டுக்கே வெளிச்சம் வராமல் செய்தது. ஒரு நாள் காலையில் முட்டை வறுத்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னேன். "நான் ஓட்டுறேன். நீங்க பின்னால நின்னு கை காட்டுங்க."

"என் கையை நம்புறியா?" என்றார்.

"இத்தனை வருஷம் நீங்க என் கையை நம்பித்தானே ரிவர்ஸ் எடுத்தீங்க. எனக்கு என்ன தெரியும் அப்போ?"

முட்டை கருகியது. கருகியதையே இரண்டு பேரும் சாப்பிட்டோம். சாப்பிட்டு எழுந்தவர், "அப்போ இந்த வீடு வேண்டாம். உன் முதுகு தாங்குற மாதிரி ஒண்ணு பார்க்கணும்" என்றார். டிரக் முதுகைச் சொல்கிறாரா, என் முதுகைச் சொல்கிறாரா என்று கேட்கவில்லை.

வாங்கிய கடையிலிருந்தே ஆள் வந்து இழுத்துப்போகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தோம். கொஞ்சம் நஷ்டம்தான், அதை எழுதி உன் மனதைக் கெடுக்கவில்லை. அந்தக் கடைக்காரப் பையன் எங்களை மறுபடியும் விளம்பரத் தாளோடு வரவேற்க வந்தான். உன் அண்ணன் அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பின்பக்கம் பழைய டிரெய்லர்கள் நிற்கிற இடத்துக்கு நேராக நடந்தார். சின்னதாக, ஒற்றைச் சுவர் மட்டும் நகர்கிற ஃபிஃப்த் வீல் ஒன்று. முன்னால் இருந்தவர்கள் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். அவர் அடியில் படுத்து அச்சையும் சக்கரத்தையும் பார்த்தார். நான் தகட்டில் இருக்கிற எண்களைப் படித்தேன். ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து அதில் அவர் கணக்குப் போட்டார்.

முதல் தடவை வெறும் எடையை வைத்துத்தான் போட்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன், நாக்கைக் கடித்துக்கொண்டு. பாதி வழியில் பென்சில் நின்றது. "இல்ல, இது காலி வண்டி" என்று அவரே அடித்தார். அட்டையைத் திருப்பிப் போட்டு மறுபடியும் ஆரம்பித்தார். சாமான், தண்ணீர், காஸ் சிலிண்டர் எல்லாம் ஏற்றி எட்டாயிரம். அதில் மூக்கின் பங்கு ஆயிரத்து எழுநூறு. இணைக்கிற இரும்பு இருநூறு. நாங்கள் இருவரும், கருவிப் பெட்டியும். என் எடையை என்னிடம் கேட்காமல் அவராகவே ஒன்று போட்டார், அது பத்து வருஷத்துக்கு முந்தின எடை. அதை மட்டும் நான் திருத்தினேன். பெருந்தன்மையைப் பார். எல்லாம் சேர்த்தும் மஞ்சள் சீட்டுக்குக் கீழேதான் வந்தது, கொஞ்சம் மிச்சமும் இருந்தது. நான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது ஆர்டிஸ். ஒரு பவுண்டு பிசகவில்லை.

அந்த மிச்சத்தில் என்ன ஏற்றலாம் என்று கேட்டேன். ஒன்றும் ஏற்றக் கூடாது, அது காற்றுக்கும் மேட்டுக்கும் என்று ஒரு பிரசங்கம் ஆரம்பித்தார். கடைக்காரப் பையன், பாவம், தப்பிக்க வழியில்லாமல் நின்று முழுவதும் கேட்டான். எனக்குக் காதில் தேன் பாய்ந்தது.

கட்டில் மூலை பழையபடி இடிக்கத்தான் செய்கிறது. அதில் பழைய குளியல் துண்டைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்.

பிறகு சாமானை ஏற்றிக்கொண்டு, நான் மெதுவாக ஓட்ட, கோனியின் எடைமேடைக்குப் போனோம். இந்த முறை அவள் ஒலிபெருக்கியில் கத்தினாள்.

இனி நான் ஓட்டக் கற்றுக்கொண்ட கதை. அதை ஹார்லனிடம் படித்துக் காட்டாதே. கண்காட்சி மைதானம் இப்போது காலியாகக் கிடக்கிறது. அங்கே தீவன வாளிகளைக் கவிழ்த்து வைத்துத் தினமும் மத்தியானம் பழகினோம். முன்னால் போவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. பின்னால் போகும்போதுதான் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் டிரெய்லர் இன்னொரு பக்கம் போய்த் தொலைக்கிறது. மூன்று வாளி சப்பையாகிவிட்டன. ஆட்டுக் கொட்டகையின் கம்பம் ஒன்றும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, அது முன்பே அப்படித்தான் இருந்தது என்று நாங்கள் இருவரும் பேசி வைத்திருக்கிறோம். முகாமில் ரிவர்ஸ் எடுக்கும்போது மற்ற புருஷன் பெண்டாட்டிகள் போடுகிற சண்டையெல்லாம் இங்கேயும் நடந்தது. ஒரு நாள் நான் சாவியை அவர் மேல் விட்டெறிந்துவிட்டு வீட்டுக்கு நடந்தே போனேன். அவர் சாவியைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்தார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, பக்கத்தில் நடந்து வந்தார். ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவர் அவ்வளவு ஒழுங்காகக் கேட்கிறார். எனக்கு அங்கேயே அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டேன். பிறகு திரும்பிப் போய் வண்டியை எடுத்தோம்.

இப்போது நன்றாகவே ஓட்டுகிறேன். நன்றி விருந்து முடிந்த மறுநாள் கிளம்புகிறோம். ஃப்ளாக்ஸ்டாஃப் வழியாக வரவில்லை. கான்சாஸ், நியூ மெக்ஸிகோ என்று தெற்கே சுற்றி, மலை இறக்கம் குறைந்த வழியாக அவரே பாதை குறித்திருக்கிறார். இருட்டுவதற்கு முன்னால் தினமும் நிறுத்திவிடுவோம். வருகிற நாளைச் சரியாகச் சொல்ல முடியாது, கிளம்பிய பிறகு வழியில் கூப்பிடுகிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

நாங்கள் வந்து நுழையும்போது எல்லாரும் மடக்கு நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க உட்காருவார்கள். உட்காரட்டும். அது முகாமின் வழக்கம், நாமும் எத்தனை பேரைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். என்னைப் பார்த்து நன்றாகச் சிரிக்கட்டும். ஆனால் ஹார்லனை எழுந்திருக்க விடாதே. நல்ல மனசுதான், எனக்குத் தெரியும். ஓடி வந்து, நகரு மாவிஸ், நான் நிறுத்தித் தருகிறேன் என்பார். வேண்டாம் என்று சொல்லிவிடு. வேறு யாரும் டிரெய்லருக்குப் பின்னால் போய் நிற்கவும் கூடாது. அந்த இடம் உன் அண்ணனுடையது.

அவருக்குச் சில சமயம் இடமும் வலமும் மாறிப்போகிறது. இடது கையைத் தூக்க வேண்டிய இடத்தில் வலது கை போகும். சில சமயம் கையைத் தூக்கிவிட்டு, எதற்குத் தூக்கினோம் என்று அப்படியே நிற்பார். அப்போது யாரும் சத்தம் போட்டுச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம் என்று ஒரு குரல்கூட வரக் கூடாது. அதை நீ பார்த்துக்கொள்ள வேண்டும், உன்னால்தான் முடியும், அந்த முகாமில் உன் வாய்க்குப் பயப்படாதவர்கள் யாரும் இல்லை. பின்னால் மின்கம்பம் ஏதாவது இருந்து நான் இடித்துவிடுவேன் என்று நீ பயப்பட வேண்டாம். கண்ணாடியில் நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், கை மாறினால் அவர் திருத்திக்கொள்ளும்வரை நின்றுவிடுவேன்.

நேரம் ஆகலாம். வெயிலில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சலிப்பாக இருக்கலாம். அவர்களுக்கு ஐஸ் போட்டு எலுமிச்சை ஜூஸ் கொடு. எத்தனை நேரம் ஆனாலும் சரி, ஆர்டிஸ், அவர் கை காட்டுகிற வரைக்கும் நான் வண்டியை அசைக்க மாட்டேன்.

இடத்தை வைத்திரு. நீ மனதைத் தளரவிடாதே. வந்துகொண்டே இருக்கிறோம்.

உன் அண்ணி,
மாவிஸ்